பெயரை மாற்றினேன், நம்பரை மாற்றவில்லை: உள்ளூர்க் கூட்டத்தில் நினைவுகளை வாசிப்பவர்கள் சொல்லுங்கள்

எக்ஸ்சேஞ்ச் அக்கா எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 70. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பட்ட பிறகு வந்த புத்தி. கீழே வரும் கதையிலும் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

1976-ல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். தபால், தந்தி, டெலிபோன் மூன்றும் அப்போது ஒரே இலாகா. எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சில் மொத்தமே நூற்றுச் சொச்சம் கனெக்‌ஷன். வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால், என் முன்னால் இருக்கும் போர்டில் அந்த நம்பருக்கு உரிய சின்ன ஷட்டர் டக்கென்று விழும். பிளக்கைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். பாதிப் பேர் நம்பர் சொல்ல மாட்டார்கள். "எக்கா, டாக்டர் வீட்டுக்குப் போடு" என்பார்கள். டாக்டர் வீட்டில் இல்லை, இப்போதுதான் சைக்கிளில் கிழக்கே போனார் என்பதையும் நானே சொல்லிவிடுவேன். அப்படி ஒரு வேலை.

போன வருஷம் முட்டி ஆபரேஷன். மூன்று மாதம் உட்கார்ந்த இடம்தான். மருமகள் ஒரு 200 பக்க நோட்டு வாங்கிப் போட்டாள். அதில் எக்ஸ்சேஞ்ச் நாட்களை எழுத ஆரம்பித்தேன். கிளை நூலகத்தில் மாதம் இரண்டாவது ஞாயிறு வாசகர் வட்டம் கூடுகிறது. பதினைந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். ஓய்வுபெற்ற வாத்தியார்கள் மூன்று பேர், ஹைக்கூ எழுதும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர், வெண்பா எழுதும் கறிக்கடைக்காரர் ஒருவர் (யாப்பில் தளை தட்டினால் அவர் கோபித்துக்கொள்வார்), பி.எட். படிக்கும் ஒரு பெண், அப்புறம் டீக்காக வருகிறவர்கள்.

ஆகஸ்டில் முதல் தடவை படித்தேன். நோட்டில் "அவள் கூறினாள்" என்று இருக்கிறது, வாய் "அவ சொன்னா" என்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டு நாலு இடத்தில் திக்கினேன். ஆனாலும் எல்லோரும் ரசித்தார்கள். நம்பர் ப்ளீஸ் என்று படித்தபோது பின்வரிசையில் யாரோ அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார்கள். அந்தத் தெம்பில் அக்டோபருக்கு வேறு ஒன்றை எடுத்துப் போனேன். வினை அதில்தான்.

1983, பொங்கலுக்கு முந்தின நாள். எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர். அவருடைய மூத்த மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெற்ற பிள்ளையைத் தேடாத கல்நெஞ்சுக்காரர் என்று ஊரே அவரைப் பேசியது. அவர் மனைவியே கோயில் வாசலில் அழுதுகொண்டு சொல்லியிருக்கிறார். அன்று மதியம் அவர் கடை நம்பரின் ஷட்டர் விழுந்தது. தாராவியில் ஒரு கடை நம்பர் சொல்லி, மகன் பெயருக்கு அர்ஜெண்ட் பி.பி. கால் புக் செய்தார். பி.பி. என்றால் குறிப்பிட்ட ஆள் வந்து போனை எடுத்தால்தான் நிமிடக் கணக்கு ஓடும். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து மதுரை, மெட்ராஸ் என்று கைமாறி லைன் போக வேண்டும். அர்ஜெண்டே ஆனாலும் இரவு ஏழு மணிக்குத்தான் கிடைத்தது.

லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று நடுவில் கேட்டுப் பார்ப்பது எங்கள் வேலையில் சேர்த்தி. மகன் "யாரு?" என்றான். இவர் பேசவில்லை. "அப்பாவா?" என்றான். அதற்கும் இல்லை. அந்தப் பக்கம் ஏதோ தகரத்தைத் தட்டுகிற சத்தம், இந்தப் பக்கம் மூச்சு. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் இரண்டு தடவை சோதித்தேன். அறுபடவில்லை. மூன்று நிமிஷம் முடிந்ததும் "டைம் ஆச்சு, எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று உள்ளே போய்க் கேட்டேன். "இன்னொரு மூணு நிமிஷம் குடும்மா" என்றார். கொடுத்தேன். அந்த மூன்று நிமிஷமும் ஒரு வார்த்தை இல்லை. டிக்கெட்டில் ஆறு நிமிஷம் என்று எழுதி வைத்தேன்.

இதைத்தான் படித்தேன். கடைக்காரர் பெயரை மாற்றினேன். தெருவை மாற்றினேன். மளிகையை ஜவுளி ஆக்கினேனா, ஜவுளியை மளிகை ஆக்கினேனா என்பதை உங்களுக்கும் சொல்லவில்லை. எல்லாம் மாற்றிவிட்டு, ஷட்டர் விழுந்த இடத்தில் நம்பரை மட்டும் உள்ளது உள்ளபடி விட்டுவிட்டேன். இரண்டு இலக்க நம்பர். எழுதும்போது என் கை அதை ஒரு விவரமாகவே நினைக்கவில்லை. பதினாலு வருஷம் பார்த்த போர்டு, அந்தக் கடை எனக்கு அந்த நம்பர்தான். அதை வாய்விட்டுப் படித்த கணத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் போன் நம்பர் என்பது வீட்டு விலாசம் மாதிரி. நாற்பது வருஷம் ஆனாலும் மறக்காது.

இதோடு நின்றிருந்தால் தேவலை. ஒரு உறுப்பினர், நல்ல மனிதர்தான், நான் படித்ததைச் செல்போனில் பதிவு செய்து, ஊர் வாட்ஸப் குழுவில் கும்பிடு பொம்மை நாலு வைத்துப் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஒரு போன். அந்தக் கடைக்காரரின் மகள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். "எங்க அப்பா பேசாததை நீங்க ஏன் பேசுதீக?" என்று ஒரே கேள்வி. வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நூலகப் பக்கம் நான் போகவில்லை.

வட்டத் தலைவர் "எழுத்தாளருக்கு உரிமை உண்டு, கவலைப்படாதீர்கள்" என்கிறார். என் கொழுந்தனார் "பேசாமல் கோலம் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஆறவில்லை. பத்திரிகையில் வந்தால் படிக்கிறவருக்கு அவர் யாரோ ஒரு கடைக்காரர். உள்ளூரில் உட்கார்ந்து படித்தால் எதிரில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இப்படிக் கூட்டங்களில் படித்துப் பழகியவர்கள் எதைப் படிப்பது, எதை நோட்டிலேயே விடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? அந்தப் பெண் வீட்டுக்கு நான் போக வேண்டுமா? அப்புறம், இந்த எழுத்துத் தமிழ், வாய்த் தமிழ் தகராறுக்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

*

நாகர்கோவில் வாத்தியார் எழுதியது:

அக்கா, எனக்கு 66, அதனால் அப்படிக் கூப்பிடலாம். முப்பது வருஷம் தமிழ் வாத்தியார். முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அதுதான் சுலபம். பேச்சு வருகிற இடமெல்லாம் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுங்கள். "ஏன் பேசுதீக" என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அப்படி. கதை சொல்கிற பகுதியில் "கூறினாள்", "வினவினார்" எல்லாவற்றையும் அடித்துவிட்டு "சொன்னாள்", "கேட்டார்" போடுங்கள். பாதித் திக்கல் போய்விடும். மீதி, வீட்டில் அடுப்படியில் நின்று இரண்டு தடவை சத்தமாகப் படித்தால் போகும். வாய் எங்கே தடுமாறுகிறதோ அங்கே வாக்கியம் கோணல் என்று அர்த்தம். பேனாவை எடுத்துக்கொண்டு படியுங்கள்.

எழுதியதைச் சபையில் படித்துக் காட்டுவது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்துக்கு முன்னால் இருக்கும் பாயிரத்திலேயே, பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்கிற புலவருக்குத் தொல்காப்பியர் தன் நூலைக் குற்றமில்லாமல் விளக்கிக் காட்டிய செய்தி இருக்கிறது. அந்த அதங்கோடு எங்கள் மாவட்டத்து அதங்கோடுதான் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். குற்றம் கண்டுபிடிக்கிறவரை எதிரில் உட்கார வைத்துத்தான் அரங்கேற்றம். உங்கள் சபையில் இரண்டு பேர் குற்றத்தைப் பிடித்துவிட்டார்கள், பாவம், வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்த கையோடு உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் வருத்தப்பட வேண்டியது அவர்கள் மேல்.

என் அனுபவம் ஒன்று. என் அப்பா பனையேறி. அவரைப் பற்றி எழுதியதைச் சென்னையில் ஒரு கூட்டத்தில் படித்தேன். அக்கானி என்றால் என்ன என்று கேட்டார்கள். பதநீர் என்று சொல்லி, தளைநார் எது, பாளை அரிவாள் எது என்று விளக்கி முடிப்பதற்குள் அப்பா மரத்தை விட்டே இறங்கிவிட்டார். கைதட்டினார்கள். அதையே எங்கள் ஊரில் படித்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, ஒங்க அப்பா இறக்கின பொறவு சுண்ணாம்பு கலந்தாருன்னு எழுதியிருக்கிய. அப்ப அது கள்ளுல்லா?" என்றார். உண்மைதான். கலயத்தின் உள்ளே முதலிலேயே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். பனையேறி மகனான நானே தப்பாக எழுதியிருந்தேன். சென்னையில் கைதட்டு வாங்கிய வரி அது. அன்றிலிருந்து எதையும் முதலில் உள்ளூரில்தான் படிக்கிறேன்.

அந்த வீட்டுக்குப் போவது பற்றி: போங்கள். போனில் கூப்பிடாதீர்கள். நேரில் போங்கள்.

*

ஓய்வுபெற்ற டெலிபோன் இன்ஸ்பெக்டர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நானும் அதே இலாகாதான். சொல்வது கசக்கும், மன்னிக்கவும்.

வாத்தியார் தமிழ், திக்கல் என்று எங்கேயோ போகிறார். நம்பரை மாற்றியிருந்தால் சரியாகிவிடும் என்று நீங்களும் நினைப்பதாகத் தெரிகிறது. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலேயே இலாகா ஆட்கள் லைனில் போகும் செய்தியை வெளியே சொல்வது குற்றம் என்று இருந்தது. வேலையில் சேரும்போது நமக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதானே? லைன் சரியா என்று பார்க்கக் கேட்பது வேறு. ஆறு நிமிஷமும் கேட்பது வேறு. உங்கள் கதையில் எனக்கு உறுத்தியது அந்த ஆறு நிமிஷம்தான்.

நானும் கம்பத்தில் ஏறி டெஸ்ட் போனை மாட்டியவன். எத்தனையோ காதில் விழுந்திருக்கிறது. என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. எழுத வேண்டும் என்றால் போர்டைப் பற்றி எழுதுங்கள், மழைக்காலத்தில் லைன் விழுவதை எழுதுங்கள், நாம் பட்ட பாட்டை எழுதுங்கள். அடுத்தவர் பேசியது நம் நினைவு ஆகாது. அவர் பேசாமல் இருந்ததும்தான். இங்கே வந்து மறுபடியும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா?

மற்றபடி ஷட்டர் விழும் சத்தத்தைப் படித்தபோது எனக்கு என் முதல் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

அம்மா, வணக்கங்க. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் குழு நடத்துகிறோம். பெரும்பாலும் மில்லில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். என் அப்பாவும் மில்தான், ஸ்பின்னிங். சட்டம் சரி தப்பு எனக்குத் தெரியாது. கூட்டம் நடத்துகிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததில் பெரிய தப்பு கூட்டத்தை நடத்தியவர்களுடையது. எழுத்தாளரின் உரிமை பேசுகிற தலைவர், செல்போனை உள்ளே வைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கிறது, காய்கறி வாங்குகிற கூடை. உள்ளே வந்ததும் போன் எல்லாம் அதில் போய்விடும். ஆரம்பத்தில் முறைத்தார்கள். ஒரு அண்ணன் தன் குடியைப் பற்றி எழுதியதைப் படித்த நாளுக்குப் பிறகு யாரும் முறைப்பதில்லை. அன்று அவர் படிக்கிறபோது அவருடைய பழைய ஷிப்ட் சூப்பர்வைசர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்தப் போன்கள் கையில் இருந்திருந்தால் அவர் படித்தே இருக்க மாட்டார்.

ஆளுக்குப் பத்து நிமிஷம். நிதானமாகப் படித்தால் எனக்கு ஒரு நிமிஷத்துக்கு எண்பது தொண்ணூறு வார்த்தைதான் போகிறது, அதனால் 800 வார்த்தைக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். எழுதியதில் பாதியை வெட்ட வேண்டியிருக்குமே என்று அழுவார்கள். வெட்டட்டும். முக்கியமாக, படிக்கிறவர் முதலிலேயே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். சும்மா கேட்டால் போதுமா, எங்கே இழுக்கிறது என்று சொல்ல வேண்டுமா, இல்லை விவரப் பிழை பார்க்க வேண்டுமா? அதைத் தவிர வேறு பேசக் கூடாது. "இது கட்டுரையா சிறுகதையா" என்று ஆரம்பிக்கிறவர்களை டீ வாங்க அனுப்பிவிடுவோம். "இது நிஜமாவே நடந்துச்சா?" என்று கேட்கவும் தடை. சொந்தக் கதை படிக்கிறவரைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்டால், அவர் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை இன்னும் இரண்டு பேரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த "இன்னொரு மூணு நிமிஷம் குடும்மா" அந்த அம்மாவிடம் சொன்னதுதானே? அது அவர்கள் காதுக்கு வந்த வார்த்தை. அது அவர்கள் நினைவு இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நேற்றுப் பஸ்ஸில் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

*

ஸ்காபரோ அக்கா எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமாகக் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறேன். ஸ்காபரோவில் முதியோருக்கான ஒரு கூட்டத்தில் மாதம் ஒருக்கால் எழுதியதை வாசிக்கிறோம். உங்கட பிரச்சினை எங்களுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் வரும்.

ஒரு முறை நான் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றி வாசித்தன். சண்டை நெருங்கினதால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். மழை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட சனம் அசையாமல் நிண்டது. நான் வாசிக்கத் தொடங்கினவுடன் ஒரு ஐயா, "பிள்ளை, அப்ப மழை விட்டிட்டுது" எண்டார். இன்னொரு அம்மா "இல்லை, பெய்தது, நான் குடையைத் தொலைச்சனான்" எண்டா. எனக்கு முதலில் சரியான கோபம். பிறகுதான் விளங்கினது. அந்த அறையில் இருந்த அரைவாசிப் பேர் அண்டைக்கு அந்த ரோட்டில் நடந்த ஆக்கள். ஒரே இரவில் எனக்கு மழை, அவருக்கு மழை விட்டது. அன்று நான் இரண்டு பக்கம்தான் வாசித்தன், மிச்ச ரெண்டு மணித்தியாலமும் எல்லாரும் தங்கட தங்கட ரோட்டைக் கதைச்சினம். பிறகு நான் திருத்தி எழுதேக்க மழையை விட்டன், அந்த அம்மாவின்ர குடையைக் கேட்டு வாங்கிச் சேர்த்தன். அவவைக் கேட்டுத்தான்.

பேர் விசயத்தில் எங்களுக்குக் கடுமையான பழக்கம் இருக்கு. ஊரில் இன்னும் இருக்கிற ஆக்களின்ர பேர் வராது. பேர் மட்டுமில்லை, எந்தக் கோயிலுக்குப் பக்கத்து வீடு, எந்தப் பள்ளிக்கூடம், வீட்டு முன்னால் நிண்டது வேம்போ மாவோ, ஒன்றும் வராது. ஏனெண்டால் எங்கட ஆக்கள் வேம்பை வைத்தே வீட்டைப் பிடிச்சிடுவினம். உங்களுக்கு நம்பர் மாதிரி. பேரை மாத்தினவுடன் ஆள் ஒளிஞ்சிட்டுது எண்டு எழுதுகிற ஆளுக்குத்தான் தோன்றும். அதனால் வாசிக்க முதல், அந்த இடத்தை நல்லாத் தெரிந்த, வாய் காக்கிற ஒருவரிடம் காட்டுகிறோம். அவர் ஆளைப் பிடிச்சிட்டால் திரும்ப எழுதுகிறது. மூன்று தரம் எழுதியும் பிடிபடுகிற கதையை வாசிக்கிறதில்லை.

அக்கா, அந்தப் பிள்ளை "எங்கட அப்பா பேசினார் எண்டு பொய் சொல்லுறீங்கள்" எண்டு சொல்லவில்லை. அதைக் கவனிச்சீங்களோ? போய்ப் பாருங்கோ. ஆனால் நோட்டைக் கொண்டு போகாதேங்கோ.

*

எக்ஸ்சேஞ்ச் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, கை வலிக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது சரி. லைனைப் பார்க்க அரை நிமிஷம் போதும். ஆறு நிமிஷமும் நான் லைனைக் கேட்கிற கீயைத் திருப்பவில்லை. போர்டில் அப்போது வேறு ஷட்டர் விழவில்லை என்பது உண்மை, ஆனால் அது காரணம் ஆகாது. அது எனக்குத் தெரிந்துதான் நாற்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் போல. நோட்டில் அந்த இடத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். முன்பு "லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று இருந்தது. இப்போது "கேட்டேன்" என்று மட்டும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். ஸ்காபரோ தங்கச்சி சொன்னபடி நோட்டைக் கொண்டு போகவில்லை. கையை வீசிக்கொண்டு போக ஒரு மாதிரி இருந்ததால் அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டேன், மழைக்கு அதுவும் நமுத்துப் போனது. அவள் திண்ணையிலேயே உட்கார வைத்தாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். நம்பரைச் சொன்னதற்கு, அவளிடம் சொல்லாமல் படித்ததற்கு, அன்று லைனில் கேட்டதற்கு என்று மூன்றுக்கும் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "என்னிக்கி அது?" என்றாள். பொங்கலுக்கு முந்தின நாள் என்றேன். "எந்தப் பொங்கல்? அம்மா இருந்தாளா?" டிக்கெட் கையில் இல்லையே, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கரும்பு வாங்கவில்லை, என் மாமியார் கார்த்திகையில் தவறியிருந்தார். அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அம்மா அதற்கு அடுத்த ஆடியில்தான் போனாளாம்.

"அப்போ ஏழு மாசம் அவகிட்ட சொல்லாம இருந்திருக்காரு" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்று செருப்பைத் தேடினேன். காபியோடு வந்தாள், சர்க்கரை தூக்கலாக. பம்பாய் அண்ணன் இருக்கிறானா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிளம்பும்போது, சின்ன அண்ணன் ஊரிலேதான் இருக்கிறான், அவன் இருக்கிறவரைக்கும் இதைப் படிக்காதீர்கள் என்றாள். சரி என்றேன். வாட்ஸப்பில் போட்டவரிடம் சொல்லி அதை எடுக்க வைத்தேன். ஏற்கெனவே கேட்டவர்கள் காதிலிருந்து எடுக்க முடியாது, அது வேறு விஷயம்.

அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. நோட்டில் ஸ்டேப்ளர் அடித்து ஒட்டிவைத்திருக்கிறேன்.

இந்த மாதம் வட்டத்துக்குப் போகிறேன். கூடை விஷயத்தைத் தலைவரிடம் சொன்னேன், பூக்கடையிலிருந்து ஒன்று வாங்கி வருவதாகச் சொன்னார். நான் படிக்கப் போவது 1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். இறந்த நாள். காலை ஆறு மணி ஷிப்ட். ஏழு மணிக்குள் போர்டில் இருக்கிற ஷட்டர் அத்தனையும் விழுந்து கிடந்தது, நிமிர்த்த நிமிர்த்த விழுந்தது. யாரும் நம்பர் சொல்லவில்லை. பிளக்கைச் சொருகினால் "எக்கா, நெசமா?" என்று ஒரே கேள்வி. நாங்கள் செய்தி சொல்லக் கூடாது. "ரேடியோவ வையுங்க" என்று மட்டும் சொன்னேன், நூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். அந்தக் குரலைக் கேட்டே புரிந்துகொண்டு வைத்துவிட்டார்கள். இதில் நம்பர் எதுவும் வராது, ஊர் முழுக்க வருகிறது. முன்வரிசைப் பெரியவர் ஒருவரிடம் முதலில் காட்டினேன். "நான்தான் அன்னிக்கி உனக்கு ரெண்டு தடவ சுத்தினேன், அதையும் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

சத்தமாகப் படித்துப் பார்த்தேன், பதினொன்றரை நிமிஷம் வருகிறது. ஒன்றரை நிமிஷம் எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிங்காநல்லூர்த் தம்பி, பதினைந்து பேருக்கு மைக் வேண்டுமா? தலைவர் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்.

*

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

வேண்டாங்கம்மா. மைக் வைத்தால் ரோட்டில் போகிறவருக்கும் கேட்கும். நாற்காலியை வட்டமாகப் போடச் சொல்லுங்க. வெட்டுவதென்றால் ஆரம்பத்தில் போர்டை விளக்குகிற பகுதியைப் பாருங்க, உங்க ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.